அறுபத்திரண்டு கிலோ

சிஸ்டர் டெல்பினின் வலது கட்டைவிரலைப் பற்றிச் சாந்தோம் பக்கம் ஏகப்பட்ட கதைகள் உலவுகின்றன. அவற்றில் பாதி பொய். மற்ற பாதியும் பொய்தான், ஆனால் நேரில் பார்த்தவர்கள் சொன்னவை. மந்தைவெளியில் ஒரு வீட்டில் நோயாளியின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் சமையலறைச் சுவரையும் அழுத்தி, “உள்ளே தண்ணி நிக்குது, பிளம்பருக்குச் சொல்லிடுங்க” என்றாளாம். மூன்றாம் நாள் சுவருக்குள் குழாய் வெடித்தது. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை பிளம்பரைத் திட்டுவதில்லை. சுவரைத்தான் திட்டுகிறார், சிஸ்டர் தொட்ட அன்றைக்கே ஒழுங்காக ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதா என்று.

டெல்பினுக்கு அடையாற்றில் ஓர் இதய மருத்துவமனையில் வேலை. வார்டில் அல்ல. படுக்கையை விட்டு வீட்டுக்குப் போன நோயாளிகளை ஸ்கூட்டரில் தேடிப் போய், தொட்டுப் பார்த்து, கேட்டு, எழுதிக்கொண்டு, சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவள் தன் விரலையும் காதையும் சந்தேகப்பட்டதே இல்லை. மெஷின்களைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், டாக்டர்களை அவ்வப்போது, கணவன் ஆம்ப்ரோஸை வாரத்துக்கு ஒருமுறை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் மயிலாப்பூரில் சுப்பராமன் வீட்டு மாடிப்படி ஏறினாள். மாட வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் பழைய கட்டடம். கீழே பொன்ராஜ் என்பவனின் பழைய பேப்பர் கடை. மாடியில் சுப்பராமனும் அவர் மனைவி ஹம்சாவும்.

சுப்பராமனுக்கு எழுபத்திரண்டு வயது. இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அனுப்பும்போது எடை அறுபத்திரண்டு கிலோ. இந்த நோயில் எடைதான் எச்சரிக்கை மணி. இதயம் சரியாக இறைக்காவிட்டால் உடம்பில் தண்ணீர் சேரும். கண்ணுக்குத் தெரிவதற்குள் தராசுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் முதல் வாரம் வந்தபோது டெல்பின் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, தினமும் எடை எழுத ஒரு சார்ட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டாம் வாரம் அவள் லீவ். வேறொரு நர்ஸ் வந்து சார்ட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

தராசு விஷயத்தில் சுப்பராமனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது வேறு. அவர் முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். அவருடைய ஜீப் தி.நகருக்குள் நுழைந்தால் பயத்தில் எடைக்கற்கள் தாமாகவே இருபது கிராம் கூடும் என்பார்கள். ஒருமுறை நகைக்கடை ஒன்றில் தராசின் மேலே ஒரு ஈ பறந்தது. அதன் நிழல் விழுந்த தட்டு லேசாகத் தாழ்ந்ததாகக் கண்டு நோட்டீஸ் கொடுத்தார். கடைக்காரர் மேல்முறையீடு செய்யவில்லை. ஈயும் செய்யவில்லை.

“வாங்கோ சிஸ்டர்” என்றாள் ஹம்சா மாமி. “இவர் ஒரு வாரமா ஈஸிசேர்லதான் தூங்கறார். கேட்டா, ஆத்துக்குள்ளயே அங்கதான் காத்து வர்றதுங்கறார்.”

“வர்றதுதானே” என்றார் சுப்பராமன். மூச்சு வாங்கினார். “உள்ளதச் சொன்னா” என்று மறுபடி வாங்கினார். “தப்பா?”

டெல்பின் சிரித்தபடி சுவர்க் காலண்டரைப் பார்ப்பதுபோல அவருடைய மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்தாறு. பிறகு கழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதரின் கழுத்து நரம்பு புடைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. புடைத்திருந்தது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தாள். நுரையீரலின் அடியில், சூடான சட்டியில் கல்லுப்புப் பொரிகிற சத்தம். விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் மெஷின் தொண்ணூற்று நாலு என்றது. கடைசியில் வேட்டியை முழங்கால்வரை விலக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

குழி விழுந்தது. ஹம்சா மாமி சமையலறைக்குப் போய், பால் காய்ச்சி, டிகாஷன் கலந்து, ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். குழி அப்படியே இருந்தது.

“மாமி, சாப்பாட்டுல உப்பு?”

“மருந்துக்குக்கூடப் போடறதில்லை. இவருக்குன்னு தனியாத்தான் வெக்கறேன். தயிர்சாதத்துக்கு மட்டும் ஒரு நார்த்தங்கா.”

“நார்த்தங்காயில உப்பு இல்லையா மாமி?”

“அது ஊறுகான்னா சிஸ்டர்?” என்றாள் மாமி, உப்புக்கும் ஊறுகாய்க்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல. “ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு வேளைக்கும்.”

டெல்பின் அதைக் குறித்துக்கொண்டு சார்ட்டை எடுத்தாள். சுப்பராமனின் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. முதல் தேதி 62.0. இரண்டாம் தேதி 62.0. மூன்று, நான்கு, ஐந்து என்று இறங்கி, இருபத்தோராம் நாள்வரை 62.0, 62.0, 62.0.

“சார், மனுஷ உடம்பு இப்படி நிக்காதே. ஒரு டம்ளர் மோர் குடிச்சாலே இருநூறு கிராம் ஏறும்.”

“கட்டுப்பாடு” என்றார் சுப்பராமன்.

“எங்க எடை பாக்கறீங்க?”

“கீழ, பொன்ராஜ் கடையில. பிளாட்பாரத் தராசு. நான் சர்வீஸ்ல இருக்கறச்சே... என் கையால முத்திரை குத்தினது. அதுக்கப்புறமும் தவறாம முத்திரை புதுப்பிச்சிண்டிருக்கான். இந்தத் தெருவுல நேர்மையான ஒரே மெஷின் அதுதான்.”

டெல்பின் பையிலிருந்து பேட்டரியில் ஓடும் சின்ன எடை மெஷினை எடுத்துத் தரையில் வைத்து அவரை ஏறச் சொன்னாள். 66.2 என்றது. இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னாள். 66.2.

சுப்பராமன் இறங்கி, மெஷினைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பாகத்தை மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “முத்திரை எங்க?”

“இதுக்கெல்லாம் முத்திரை கிடையாது சார்.”

“அப்ப இது தராசில்லை. பொம்மை.” பேத்திக்கு வாங்கிக் கொடுப்பதுபோல் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “இதுக்குச் சாட்சி சொல்ற யோக்கியதை கிடையாது.”

டெல்பின் பால்கனிக்குப் போய் டாக்டர் ஸ்ரீரஞ்சனிக்குப் போன் போட்டாள். கண்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாலு கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றாள்.

டாக்டர் கெட்டிக்காரப் பெண். எதிலும் அவசரப்பட மாட்டாள். “சிஸ்டர், நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன். நேத்து வந்த ரத்த டெஸ்ட்ல கிட்னி கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி காட்டுது. எடை மூணு வாரமா ஆடாம நிக்குது. அதனால திங்கட்கிழமையிலேருந்து நீர் மாத்திரையைப் பாதியாக் குறைக்கப் போறேன். கால் வீக்கம் பிரஷர் மாத்திரையாலகூட வரும்.”

“குறைச்சா அவர் ஐசியூவுக்குத்தான் வருவார் டாக்டர். கிட்னி காயல. ரத்தம் போய்ச் சேராமக் கஷ்டப்படுது.”

“இருக்கலாம். ஆனா மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும். ஒரே மெஷின், ஒரே நேரம், ஒரே துணின்னு சொல்லிக்குடுக்கறதே நீங்கதானே? அவர் அப்படித்தான் பண்ணியிருக்கார். உங்க விரலை நம்பறேன், ஆனா இருபத்தோரு நாள் சார்ட்டை நான் என்ன பண்ண? ராத்திரி மூச்சு ஜாஸ்தியானா உடனே கூட்டிட்டு வந்துடச் சொல்லுங்க.”

“அந்த சார்ட் பொய் டாக்டர். நாளைக்குக் காலையில சொல்றேன்.”

“எப்படித் தெரியும்?”

“கால் பொய் சொல்லாது” என்று போனை வைத்தாள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நார்த்தங்காய் ஜாடியைத் தன் கையாலேயே எடுத்துப் பரணில் ஏற்றிவிட்டுப் போனாள். ஸ்கூட்டரில் போகும்போது யோசித்தாள். சுப்பராமன் பொய் எழுதுகிறவர் இல்லை. தன் பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் முன்தள்ளி எழுதிவிட்டார்கள் என்று ஓய்வு பெறும் வயதில் அரசாங்கத்துக்குக் கடிதம் போட்ட மனிதர். தராசும் பொய் சொல்லாது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் யாரோ இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசையைச் சாயங்காலத்துக்கு ஒத்திப்போட்டுவிட்டு, ஆறே காலுக்கு டெல்பின் பேப்பர் கடை வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைதான் பேப்பர் கடையில் கூட்டம். அந்த நேரத்துக்கே ஒரு அம்மாள் இரண்டு கட்டை எடை போட்டு, ஒன்பது கிலோ என்று கேட்டுக்கொண்டு, காசுக்கு நின்றிருந்தாள்.

பொன்ராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். உயரம் சுமார். ஆனால் நாற்பது கிலோ பேப்பர்க் கட்டைத் தலையணை மாதிரி தூக்கிப் போடுவான். “வா சிஸ்டர், இன்னா காலங்காத்தால? பேப்பர் கீதா?”

“சார் எடை பாக்கறதைப் பாக்க வந்தேன்.”

“பாரு, பாரு. ஒரு நாள் தப்பாது. டாண்ணு ஆறரைக்கு எறங்குவாரு.”

தராசு வாசலில் நின்றது. ஆள் ஏறி நிற்க இரும்புப் பலகை. அதன் ஒரு ஓரத்தில் இடுப்புயரத் தூண். தூணின் தலையில் கிலோக் கோடு போட்ட இரும்புத் தண்டு. தண்டின் மேல் நகர்கிற குண்டு, கிராமுக்கென்று பக்கத்தில் ஒரு சின்னக் குண்டு. பலகையில் பாரம் ஏறினால் தண்டு துள்ளி எழும்பும். குண்டைத் தள்ளிக்கொண்டே போக, தண்டு ஆடாமல் சமமாக நிற்கிற இடம்தான் எடை. தூணில் பித்தளைத் தகடு. அதில் வரிசையாக அரசாங்க முத்திரைகள். பொன்ராஜ் அதை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துக் குங்குமம் வைப்பான் போலிருந்தது.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. பதினாலு படி. சுப்பராமன் இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் நின்றார். ஆகாயத்தை ரசிப்பதுபோல் நின்றார், ஆனால் அந்த மாடிப்படிக்குக் கூரை உண்டு. அவர் இன்னும் கடைசிப் படிக்கு வரவில்லை, பொன்ராஜ் தண்டைப் பார்க்காமலேயே குண்டை அறுபத்திரண்டுக்குத் தள்ளிவைத்ததை டெல்பின் பார்த்தாள்.

“என்ன சிஸ்டர்... இன்ஸ்பெக்ஷனா?” என்றார் சுப்பராமன்.

“சும்மாதான் சார். நீங்க ஏறுங்க.”

அவர் செருப்பைக் கழற்றி, பலகையில் ஏறி, தண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சந்தின் முனையில் கோபுரத்தின் உச்சி தெரியும். கைகூப்பிக் கண்ணை மூடினார். “எடை போடற வஸ்து தராசைப் பாக்கப்படாது சிஸ்டர்” என்று கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். “பாத்தா உடம்பு சாயும்... எடை ஆடும். இது என் சர்வீஸ் அனுபவம்.”

முப்பத்தைந்து வருடம் அரிசி மூட்டையையும் வெங்காயத்தையும் எடை போட்ட அனுபவம். எந்த வெங்காயமும் தராசைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் ஏறியதும் தண்டு துள்ளி எழும்பியது. பொன்ராஜின் கட்டைவிரல் அதன் நுனியில் போய் மெல்ல உட்கார்ந்தது. அழகாக உட்கார்ந்தது. குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி. தண்டு சமமானது.

“அறுபத்திரெண்டு சார். சுத்தம்.”

“அறுபத்திரண்டு” என்று சுப்பராமன் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

டெல்பின் உடனே எதுவும் சொல்லவில்லை. நோயாளியிடம் ஒன்றைச் சொல்வது வேறு, அவரையே கண்டுபிடிக்க வைப்பது வேறு. முதலாவது மறந்துபோகும். பொன்ராஜ் அந்த அம்மாளின் பேப்பரை உள்ளே எடுத்துப் போய்க் கயிறு போட ஆரம்பித்ததும் கேட்டாள்:

“சார், ஒரு சந்தேகம். நீங்க சர்வீஸ்ல ஒரு தராசை எப்படிச் சோதனை போடுவீங்க?”

சுப்பராமனுக்கு முகம் மலர்ந்தது. பதினாலு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. “மொதல்ல வெறும் தராசு. பூஜ்யம் நிக்கணும். அப்புறம் தெரிஞ்ச எடை. அப்புறம்... அதுதான் முக்கியம்... சரக்கு மேல இருக்கறச்சயே ஒரு தெரிஞ்ச எடையைக் கூட வெக்கணும். வெச்சா, அவ்வளவும் கூடணும். திருட்டுத் தராசெல்லாம் அங்கதான் மாட்டும்.”

“இப்ப வெச்சுப் பாக்கலாமா?”

“பொன்ராஜ் மெஷின்லயா?” அவர் குரல் இறுகியது. “என் முத்திரையச் சந்தேகப்படறேளா?”

“இல்ல சார். மெஷின் பாஸாயிடும். எனக்குத் தெரியும்.”

“பின்ன?”

“நீங்கதானே ஆபீசர். சோதனை போட்டுட்டு நீங்களே சொல்லுங்க.”

சுப்பராமன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வேட்டியை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டார். பதினாலு வருடம் அலமாரியில் கிடந்த ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்ததை டெல்பின் கண்ணாலேயே பார்த்தாள்.

மூலையில் ஐந்து கிலோ இரும்புக்கல் இருந்தது. அவர் குனியப் போனார். “நீங்க தூக்கக் கூடாது” என்று டெல்பின் அதை எடுத்து வந்தாள். அவர் முத்திரையைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பலகையில் ஏறிக் கோபுரத்தைப் பார்த்து நின்றார். கல்லை அவர் குதிகாலுக்குப் பக்கத்தில், வேட்டி மறைக்கிற இடத்தில் வைத்தாள்.

“பொன்ராஜ், இன்னொரு வாட்டி போடுங்க. நான் எழுதிக்கறேன்.”

“இன்னா சிஸ்டர், இப்பதான போட்டேன்?” என்றபடியே பொன்ராஜ் வந்தான். தண்டு முன்னைவிட வேகமாகத் துள்ளியது. அவன் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. விரல் மட்டும் குழம்பவில்லை. போய் உட்கார்ந்தது. கொஞ்சம் பலமாக. “அறுபத்திரெண்டு சார்.”

சுப்பராமன் கண்ணைத் திறந்தார். குனிந்து காலடியைப் பார்த்தார். ஐந்து கிலோ. முத்திரையோடு. பிறகு தன் சர்வீஸ் அனுபவத்தை எல்லாம் மீறி மெல்லத் திரும்பித் தண்டைப் பார்த்தார். விரல் இன்னும் அதன் மேலேயே இருந்தது.

மாடியில் ஹம்சா மாமியின் குக்கர்கூட வாயை மூடிக்கொண்டது.

“அஞ்சு கிலோ எங்கடா?” என்றார்.

பொன்ராஜ் விரலை எடுத்தான். தண்டு டங்கென்று மேலே போய் இடித்தது.

“என் முத்திரை குத்தின தராசுல... என்னையே...” அவருக்கு மூச்சு பிடிபடவில்லை. டெல்பின் அவரை இறக்கிப் பேப்பர்க் கட்டின் மேல் உட்கார வைத்தாள்.

“சார், சார், கோச்சிக்காத சார்” என்று பொன்ராஜ் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “நீதான சொன்ன? சிஸ்டர் வந்துச்சி, அறுபத்திரெண்ட தாண்டக் கூடாதுன்னிச்சி, தாண்டினா ஆஸ்பத்திரிதான்னிச்சின்னு. மொத வாரம் அதேதான் இருந்துச்சி. அப்பாலிக்கா தாண்டிச்சி. நீ ஆறு நாள் உள்ள கெடந்துட்டு வந்தப்ப எப்படி இருந்த, துணி மாதிரி இருந்த. மறுபடியும் உன்ன அனுப்ப சொல்றியா? நான் இருக்கச்சொல்ல ஏற விட்ருவேனா?”

கட்டு கொண்டுவந்த அம்மாளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. “அப்ப என் பேப்பரு?”

“எம்மா, எம் பொண்ணு மேல ஆணையா, பேப்பர்ல ஒரு நாள் வெரல் வெச்சதில்ல! சாருக்கு மட்டுந்தாம்மா!”

“நல்லா வெச்ச போ” என்று அந்த அம்மாள் தன் கட்டுகளை மறுபடி எடை போடச் சொல்லிப் பலகையின் மேல் வைத்தாள். போட்டார்கள். முன்பு சொன்ன அதே ஒன்பது கிலோ. இதைச் சுப்பராமனும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒரு சுற்று இளகியது.

டெல்பினுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. முதல் வாரம் பாடம் சொல்ல வந்த அன்றைக்கு அவளுக்கு அவசரம். பெசன்ட் நகரில் ஒரு ஊசி காத்திருந்தது. ‘தாண்டக் கூடாது, தாண்டினா ஆஸ்பத்திரி’ என்று அவள்தான் சொன்னாள். வாயில் வந்த வேகத்தில், ஸ்கூல் வாத்தியார் மாதிரி. எடை என்பது சேதி. அதை அவள் சட்டமாக்கிவிட்டுப் போயிருந்தாள். சட்டம் என்று வந்துவிட்டால் அதை மீறாமல் காப்பாற்ற ஊரில் பொன்ராஜ் மாதிரி நல்லவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கடைசியில் “புரிஞ்சுதா சார்?” என்று கேட்டாள். அதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. சுப்பராமன் அதைச் சொன்னார்.

வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை. “சார், ஏறுங்க. இந்தத் தடவை தராசைப் பாத்து நில்லுங்க.”

சுப்பராமன் தண்டைப் பார்த்து நின்றார். பொன்ராஜ் இரண்டு விரலால், சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் குண்டைத் தள்ளினான். அறுபத்துமூன்று. அறுபத்துநான்கு. அறுபத்தைந்து. சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அறுபத்தாறைத் தாண்டி, சின்னக் குண்டு நானூறில் போய் நின்றதும் தண்டு சமமானது.

டெல்பின் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சுப்பராமன் கை நீட்டினார். இது அவருடைய இலாகா.

“டாக்டர், ஆய்வறிக்கை. எடுத்துக்கோங்கோ. இடம், பொன்ராஜ் பழைய பேப்பர் கடை. கருவி, பிளாட்பாரத் தராசு. முத்திரை செல்லும். பழுது இல்லை.” மூச்சு வாங்கினார். “சரக்கு, சுப்பராமன். கணக்கில் காட்டிய எடை அறுபத்திரண்டு. உண்மை எடை... அறுபத்தாறு நானூறு. வித்தியாசம் நாலு கிலோ நானூறு கிராம். மறைக்கப்பட்டது.” மறுபடி வாங்கினார். “தண்ணீர். காரணம், ஒரு விரல். அன்பினால் வைத்தது. வழக்குப் பதிவு செய்யப் பரிந்துரை இல்லை.”

டாக்டர் முழுதும் கேட்டுவிட்டு, “சிஸ்டர், ஆக்ஸிஜன்?” என்றாள்.

டெல்பின் அவர் விரலில் மெஷினை மாட்டிப் பார்த்தாள். “தொண்ணூத்தி மூணு. நேத்து தொண்ணூத்தி நாலு.”

“இப்பவே கூட்டிட்டு வாங்க. டியூட்டி டாக்டர்ட்ட சொல்றேன், ஊசியிலேயே தண்ணியை இறக்கிடலாம். நல்லா இறங்கினா சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடலாம். நாளைக்கு மாத்திரையைக் குறைக்கறது கேன்சல். கூட்டப் போறோம்.” கொஞ்சம் நிறுத்தி, “கால் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க” என்றாள்.

“ஆமா டாக்டர்” என்றாள் டெல்பின். அதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. அது வர எட்டு நிமிடம் என்றது போன். எட்டு நிமிடம் ஒரு பாடத்துக்குத் தாராளம். ஹம்சா மாமியும் பையோடு இறங்கி வந்துவிட்டாள். டெல்பின் இன்னொரு பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்தாள். இந்த முறை “புரிஞ்சுதா” என்று கேட்கவில்லை.

“பொன்ராஜ், இப்ப நான்தான் சுப்பராமன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லிக்குடுங்க. நான் எதுக்குத் தினமும் எடை பாக்கணும்?”

“ஏறக் கூடாதுன்னு.”

“தப்பு. வேற சொல்லுங்க.”

பொன்ராஜ் தலையைச் சொறிந்தான். “ஏறிச்சின்னா... ஊசி போடணும்னு?”

“அவசரப்படாதீங்க. ஏறினா உள்ள என்ன சேருது?”

“தண்ணி.”

“அது யாருக்கு மொதல்ல தெரியும்? எனக்கா, டாக்டருக்கா, சாருக்கா?”

பொன்ராஜ் தராசைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். “இதுக்குத்தான்” என்றான். “இது சொல்ற சேதிய நான் அமுக்கிட்டேன். ஒரு கிலோ ஏறச்சொல்லவே சொல்லியிருந்தா மாத்திரையோட போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னு அமுக்கி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் அனுப்பறேன்.”

“அதேதான். இப்ப கணக்கு சொல்லுங்க. ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறினா?”

“உனக்கு போனு.”

“ஒரு வாரத்துல ரெண்டு கிலோ?”

“அப்பவும் போனு.”

“நூறு, இருநூறு ஏறி எறங்கினா?”

“எழுதி வெச்சிக்கினு கம்முனு இருக்கணும்.”

“சார், நீங்க சொல்லுங்க.”

சுப்பராமன் அதையே அரசாங்க மொழியில் சொன்னார். இரண்டு மடங்கு நேரம் ஆனது. பொன்ராஜ் நடுவில் இரண்டு இடத்தில் திருத்தினான். மாமியின் முறை வந்தபோது, “நார்த்தங்கா பரணைவிட்டு எறங்கப்படாது” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். அதற்குள் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

அன்று மதியத்துக்குள் சுப்பராமன் இறக்கிய தண்ணீரில் கோயில் குளமே கொஞ்சம் உயர்ந்தது என்று பொன்ராஜ் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது மிகை. குளம் உயர்ந்தது அதற்கடுத்த நாள் மழையில். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி இரண்டு லிட்டர் எழுநூறு. அடுத்த இரண்டு வாரத்தில் மீதியும் இறங்கி, தண்டு அறுபத்திரண்டில் எந்த விரலும் இல்லாமல் நின்றது. சார்ட்டில் இப்போது 62.3, 61.9, 62.1 என்று எண்கள் மேலும் கீழுமாக ஆடின. டெல்பினுக்கு அதைப் பார்க்கவே பிடித்திருந்தது. உயிருள்ள சார்ட். கிட்னியும் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று டாக்டர் ஸ்ரீரஞ்சனி தானே போன் செய்து சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு டெல்பினின் போன் அடித்தது. அவள் சாந்தோமில் தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், பொன்ராஜ் பேசறேன். ஒரு கிலோ இருநூறு ஏறிக்கீது. நேத்து அறுபத்திரெண்டு நூறு, இன்னிக்கு அறுபத்திமூணு முந்நூறு. ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தேன். வெரல் வெக்கல.”

“மூச்சு எப்படி இருக்கு?”

“அது நல்லா கீது. படி ஒரே மூச்சுல எறங்கனாரு. நேத்து ஆதம்பாக்கத்துல கல்யாணத்துக்குப் போய்க்கினு வந்துகீறாங்க. இலையில இன்னா போட்டாங்களோ, இன்னா துன்னாரோ.”

பின்னால் சுப்பராமனின் குரல் கேட்டது. கணீரென்று கேட்டது. “ரெண்டே ரெண்டு அப்பளம், கொஞ்சம் மாவடு! அதைப் போய் யாராவது போன் பண்ணிச் சொல்வாளாடா!”

“ஒரு நிமிசம் இரு சார்” என்று பொன்ராஜ் அந்தப் பக்கம் அதட்டிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். ஆனாலும் நன்றாகக் கேட்டது. “சிஸ்டர், சார் சொல்றாரு, முந்நூறு கிராம் கொறைச்சிச் சொல்லு, ஒரு கிலோவுக்குள்ள வந்துரும், அவங்களுக்கு போன் பண்ண வேண்டியதில்லன்னு. நான் முடியாதுன்ட்டேன். முத்திரை குத்தின தராசு சார், தப்பு சார்னேன். சரியா?”

“ரொம்பச் சரி பொன்ராஜ்” என்றாள் டெல்பின். துடைத்த துணியை ஹாண்டில்பாரில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “போனை ஆபீசர்கிட்ட குடுங்க.”